மறைமொழியும் மனக்கணக்கும்: வன்னி நிலத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

செய்தியொன்றை உரியவர் அறியவும் பிறர் அறியாதிருக்கவும் அனுப்புதல், எழுத்துத் தோன்றிய காலந்தொட்டு மனிதர் எதிர்நோக்கி வரும் சிக்கலாகும். அரசரும் வணிகரும் காதலரும் கைதிகளும் இச்சிக்கலுக்குத் தத்தமக்கு இயன்ற தீர்வுகளைக் கண்டனர். கடந்த நூறாண்டுகளில் அத்தீர்வுகள் பெரும்பாலும் பொறிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும், தாம் அறியாமலே, நாளொன்றுக்குப் பலமுறை மறைகுறிகளைக் கையாளுகின்றனர். ஆயினும் பொறியே பகைவன் கையில் இருப்பின் யாது செய்வது? மின்சாரமும் மின்கலமும் கிடையாத நிலத்தில் யாது செய்வது? இவ்வினாக்கள் அண்மைக் காலத்துக் கணினியறிஞரை மீண்டும் மனிதனின் மனக்கணக்கை நோக்கித் திருப்பியுள்ளன. பொறியின் துணையின்றி மனிதனே கணித்துக் கையாளத்தக்க மறைகுறி என்பது புதிய ஆய்வுத்துறையொன்றின் பொருளாயிற்று.

பெயர் புதிதாயினும் பொருள் பழையது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய பகுதிகளை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலம் இப்பொருளை ஆராய்தற்கு மிகப் பொருத்தமான நிலமாகும். மறைமொழியின் மிகப் பழைய வடிவமொன்றும், பொறியை நம்பவியலாத வாழ்க்கையின் மிகக் கடிய வடிவமொன்றும் இந்நிலத்திலேயே காணப்படுகின்றன. இவ்விரண்டையும் இணைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களத்து மொழி

வன்னி, குளமும் வயலும் காடும் சூழ்ந்த நாடு. நெற்செய்கையே அதன் உயிர்நாடி. அறுவடை முடிந்து சூடு மிதிக்கும் களத்தில் முற்காலத்தில் தனியானதொரு மொழி வழங்கிற்று. வீட்டிலும் தெருவிலும் பேசும் சொற்களைக் களத்தில் பேசுதல் ஆகாது. நெல்லை நெல் எனச் சொல்லாது ‘பொலி’ என்றனர். அளக்கத் தொடங்குகையில் ‘ஒன்று’ என்னாது ‘இலாபம்’ என்றனர். களத்திற் பயன்படும் கருவிகளுக்கும் மாடுகளுக்கும் செயல்களுக்கும் வேறு பெயர்கள் இருந்தன. வழக்கமான சொற்களைக் கேட்டால் பூதங்கள் வந்து விளைச்சலைக் கவர்ந்து செல்லும் என்பது மக்களின் நம்பிக்கை.

வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை 1895 இல் வெளியிட்ட பிரித்தானியக் குடியியற் சேவை அதிகாரி ஜே. பி. லூயிஸ், அதற்கு முன்னரே, 1884 இல், வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் களத்து மொழி பற்றித் தனிக்கட்டுரை ஒன்று எழுதியுள்ளார். ஆட்சியாளர் ஒருவரின் கவனத்தை ஈர்க்குமளவுக்கு அம்மொழி அக்காலத்தில் உயிர்ப்புடன் இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

மறைகுறி வரலாற்றை ஆராய்வோர்க்குக் களத்து மொழி சில அடிப்படை உண்மைகளைக் காட்டுகின்றது. முதலாவது, அது பகைவன் ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்னும் எண்ணத்தில் எழுந்தது. இரண்டாவது, அதனைக் கையாளுதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. எழுத்தறியாதவரும் சிறுவயது முதல் கேட்டுப் பழகி அதனைக் கையாண்டனர். மூன்றாவது, அதன் பாதுகாப்பு முழுவதும் பகைவனின் அறியாமையிலேயே தங்கியிருந்தது. ‘பொலி’ என்பது நெல்லைக் குறிக்கும் எனப் பூதம் ஒருமுறை அறிந்துவிடின் அம்மொழி அன்றே பயனற்றதாகிவிடும். இம்மூன்றாவது உண்மையே பின்வரும் வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்கின்றது.

குழூஉக்குறியும் முடங்கலும்

களத்து மொழி தமிழிலக்கணத்திற்குப் புறம்பானதன்று. தகுதி வழக்கின் மூன்று வகைகளுள் ஒன்றாகக் குழூஉக்குறியை நன்னூல் கூறுகின்றது. ஒரு கூட்டத்தார் யாதேனுமொரு காரணம் பற்றி ஒரு பொருளின் பெயரை விடுத்து வேறொரு குறியால் அதனை வழங்குதல் குழூஉக்குறியாகும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதும், யானைப்பாகர் ஆடையைக் ‘காரை’ என்பதும் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகள். வடமொழி நூல்களும் இத்துறையை அறிந்திருந்தன. காமசூத்திரம் கூறும் அறுபத்துநான்கு கலைகளுள் மறைமொழி பேசுதலும் ஒன்று. அதற்கு உரையெழுதிய யசோதரர், எழுத்துக்களை ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கும் முறைகளை விளக்குகின்றார்.

செய்தியை மறைத்தல் ஒன்று. செய்தி உரியவரிடமிருந்தே வந்தது என உறுதிப்படுத்தல் மற்றொன்று. இரண்டாவதும் முதலாவதைப் போன்றே இன்றியமையாதது. சிலப்பதிகாரத்தில் மாதவி கோசிகமாணி வாயிலாகக் கோவலனுக்கு அனுப்பிய முடங்கல் மண்ணிலச்சினையிடப்பட்டது. அதில் அவளது கூந்தலின் மணம் தங்கியிருந்தது. அம்மணமே அனுப்பியவர் யார் என்பதைக் கோவலனுக்கு உணர்த்திற்று. எந்தக் கருவியும் செய்துகாட்ட இயலாத மெய்ப்பிப்பு அது; அனுப்பியவரும் பெறுபவரும் பகிர்ந்துகொண்ட நினைவொன்றே அங்குத் திறவுகோலாயிற்று. அதே காப்பியத்தில் புறத்தோற்றத்தை மட்டும் கண்டு சிலம்பொன்றை அரசியின் சிலம்பெனக் கொண்ட தவறு ஓருயிரையும் ஒரு நகரையும் பலிகொண்டது. மெய்ப்பிப்புப் பிழைத்தால் நேரும் விளைவு எத்தகையது என்பதற்கு அதனினும் கடிய சான்று தமிழில் இல்லை.

திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் வேறொரு நுட்பத்தைக் கூறுகின்றது. ஒற்றர் மூவரை ஒருவரையொருவர் அறியாவண்ணம் ஏவி, மூவர் சொல்லும் ஒத்திருப்பின் அதனைத் தெளிந்துகொள்ள வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. வழியொன்றை மட்டும் நம்பாதே என்னும் இக்கோட்பாடு இன்றைய செய்திப் பாதுகாப்பு நூல்களிலும் முதற் பாடமாக இருத்தல் நோக்கத்தக்கது.

எண்ணும் எழுத்தும்

குழூஉக்குறி சொல்லுக்குச் சொல்லை மாற்றுவது. அதிலிருந்து உண்மையான மறைகுறிக்குச் செல்லுதற்குக் கணக்கு வேண்டும். பொறியின்றிக் கணித்தலில் தமிழர் பெற்றிருந்த பயிற்சி இவ்விடத்தில் எண்ணத்தக்கது.

திண்ணைப் பள்ளிகளில் மாணவர் எண்சுவடியை மனனம் செய்தனர். முந்திரி எனப்படும் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு முதலாகப் பின்னங்களின் பெருக்கல் வாய்பாடுகளும் அதில் அடங்கும். ஏடும் எழுத்தாணியும் இல்லாதவிடத்தும் நெல்லையும் நிலத்தையும் பொன்னையும் கணக்கிடும் திறன் இதனால் வாய்த்தது.

இப்பயிற்சியின் உச்சநிலையைக் காட்டும் நிகழ்ச்சியொன்றை ஜோன் வாரன் என்பவர் 1825 இல் சென்னையில் வெளியான ‘காலசங்கலிதம்’ என்னும் நூலிற் பதிவு செய்துள்ளார். புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், 1825 மே மாத இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தை, தரையிற் சோழிகளைப் பரப்பி, எதனையும் எழுதாமல், வாரனின் முன்னிலையிற் கணித்துக் காட்டினார். அதற்கு வேண்டிய அட்டவணைகள் அனைத்தும் அவர் நினைவில் இருந்தன. எண்களை அசைகளாக மாற்றிச் சொற்றொடர்களாக அமைத்து மனனம் செய்திருந்தமையே அதற்குக் காரணம். அவர் கணித்த நேரங்கள் கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மட்டுமே பிழைத்தன. வானியல் வரலாற்றறிஞர் ஒட்டோ நொய்கெபவர் 1952 இல் இக்குறிப்பைத் தமிழ் வானியல் பற்றிய தம் ஆய்வுக்கு அடிப்படையாகக் கொண்டார்.

எண்ணை எழுத்தாக்கும் இம்முறை கடபயாதி எனப்படும். கருநாடக இசையின் மேளகர்த்தா இராகங்களின் பெயர்களிலும் இதனைக் காணலாம். மாயாமாளவகௌளை என்னும் பெயரின் முதலிரண்டு அசைகளுள் ‘மா’ ஐந்தையும் ‘யா’ ஒன்றையும் குறிக்கும். அவற்றைப் பின்முன்னாகப் படிக்க 15 என்னும் மேள எண் கிடைக்கும்.

இம்முறை மறைகுறியன்று, யாவரும் அறிந்த குறியீடு. அது செய்தியை மறைப்பதில்லை, நினைவிற் பொதிவதற்கு மட்டும் உதவுகின்றது. ஆயினும் இரண்டு ஆற்றல்கள் இங்கு வெளிப்படுகின்றன. மிகப் பெரிய அட்டவணையையும் மனித மனம் தாங்கும். நெறி தவறாத கணக்கை மனித மனம் நீண்ட நேரம் நடத்தும். மனக்கணக்கால் ஆகும் மறைகுறிக்கு வேண்டியவை இவ்விரண்டுமேயாம். இவற்றோடு சேரவேண்டியிருந்த மூன்றாவது பொருள் திறவுகோல் என்னும் கருத்தாகும்.

திறவுகோலின் தோற்றம்

நெதர்லாந்திற் பிறந்து பிரான்சில் ஆசிரியராயிருந்த ஒகுஸ்ட் கெர்க்கோப்ஸ் 1883 இல் படைத்துறை மறைகுறி பற்றி எழுதிய கட்டுரைகள் இத்துறையில் திருப்புமுனையாயின. மறைகுறியின் முறை பகைவன் கைக்குச் சென்றாலும் தீங்கு விளையலாகாது. இரகசியம் முழுவதும் திறவுகோலில் மட்டுமே தங்க வேண்டும் என்றார் அவர். அவர் வகுத்த ஆறு விதிகளுள் இது பெரிதும் போற்றப்படுகின்றது. அதிகம் பேசப்படாத ஏனைய விதிகளும் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. திறவுகோல் எழுதிவைக்காமலே நினைவிற் கொள்ளத்தக்கதாக இருத்தல் வேண்டும். ஒருவரே தனித்துக் கையாளத்தக்கதாகவும், மனத்தை வருத்தாததாகவும் முறை அமைதல் வேண்டும் என அவர் கருதினார். மனிதனின் வலிமையையும் வலுவின்மையையும் அளவுகோலாகக் கொண்டே அவர் மறைகுறியை எடைபோட்டார்.

திறவுகோலின் இயல்பை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். அனுப்பவேண்டிய செய்தி 4827 என்னும் எண்ணாக மாற்றப்பட்டது எனக் கொள்வோம். இருவர் மட்டும் அறிந்த திறவுகோல் 7596. இவற்றை இலக்கம் இலக்கமாகக் கூட்டி, மீதியை அடுத்த இடத்துக்குக் கொண்டுசெல்லாது விடுக. நான்கும் ஏழும் பதினொன்று, ஒன்றை எழுதுக. எட்டும் ஐந்தும் பதின்மூன்று, மூன்றை எழுதுக. இவ்வாறே 1313 கிடைக்கும். பெறுபவர் இதிலிருந்து திறவுகோலை அதே முறையிற் கழிக்க, 4827 மீளக் கிடைக்கும். இரண்டாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்க கணக்கு இது. எனினும், திறவுகோல் எவ்வித ஒழுங்குமின்றித் தெரிவு செய்யப்பட்டு, செய்தியளவு நீளமாக அமைந்து, ஒருமுறை மட்டும் பயன்படுத்தப்படின், எத்துணைப் பெரிய கணினியாலும் அதனை அவிழ்க்க இயலாது. இதனைக் குளோட் சனன் 1949 இற் கணித முறையில் நிறுவினார்.

‘ஒருமுறை மட்டும்’ என்னும் சொல்லிலேயே இம்முறையின் உயிர் தங்கியுள்ளது. ஒரே திறவுகோலால் இரு செய்திகளை மறைத்தால், மறைத்தவற்றை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தவுடன் திறவுகோல் மறைந்து செய்திகளின் வேறுபாடு எஞ்சும். அதிலிருந்து பொருளை உய்த்துணரலாம். சோவியத்து நாட்டார் இரண்டாம் உலகப் போரின்போது திறவுகோல் ஏடுகள் சிலவற்றை இருமுறை அச்சிட்டுப் பயன்படுத்தினர். அதனால் ‘வெனோனா’ எனப்பட்ட அமெரிக்கத் திட்டத்தின்கீழ் அவர்தம் செய்திகள் 1943 முதல் 1980 வரை சிறிது சிறிதாக அவிழ்க்கப்பட்டன.

இவ்வகைக் கைக்கணக்கு மறைகுறியின் வரலாற்றில் இலங்கைக்கும் இடமுண்டு. யப்பானியக் கடற்படை 1939 இற் புகுத்திய, நேச நாட்டார் ஜே.என்.25 எனப் பெயரிட்ட முறை, குறியீட்டு நூலொன்றையும் கூட்டெண் நூலொன்றையும் கொண்டது. சொல்லுக்குரிய ஐந்திலக்க எண்ணோடு கூட்டெண்ணை மேற்கூறியவாறு மீதி கொண்டுசெல்லாமற் கூட்டி அனுப்பினர். பிழை நேர்ந்தாற் கண்டறிவதற்காகக் குறியீட்டெண்கள் யாவும் மூன்றால் வகுபடுமாறு அமைக்கப்பட்டன. அந்த ஒழுங்கே அவிழ்ப்போர்க்கு வழிகாட்டியாயிற்று. அவர்கள் உய்த்துணர்ந்த கூட்டெண் சரியா என்பதை மூன்றால் வகுத்தே சோதித்தனர். பிரித்தானியரின் அவிழ்ப்பு நிலையம் 1942 சனவரியிற் சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு வந்தது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் இலங்கையை நோக்கி வரும் தாக்குதல் பற்றிய முன்னறிவிப்பை அது வழங்கிற்று. ஏப்பிரல் 5 ஆம் நாள் கொழும்பும் 9 ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டன. நிலையம் கென்யாவின் கிலிந்தினிக்குப் பெயர்ந்து, 1943 இல் மீண்டு கொழும்புக்கு அருகே எச்.எம்.எஸ். அண்டர்சன் என்னும் பெயரில் இயங்கிற்று. அப்போர்க்காலத்தில் வவுனியாவும் வேத்தியல் வான்படையின் விமானத்தளம் ஒன்றைப் பெற்றது. வன்னிக் காட்டின்மேற் பறந்த விமானங்களின் போக்கை, தொலைவிலே தாளும் பென்சிலும் கொண்டு எண்களைக் கழித்துக்கொண்டிருந்தவர்களின் பணியும் ஓரளவு நிர்ணயித்தது எனலாம்.

மின்னற்ற ஆண்டுகள்

1990 சூன் மாதத்தில் மீண்டும் போர் மூண்டபின் வன்னியின் பெரும்பகுதி அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. பொருளாதாரத் தடை நிலவிற்று. எரிபொருளும் மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. மின்சாரமும் தொலைபேசியும் மக்களுக்கு எட்டாதவையாயின. துவிச்சக்கரவண்டியின் மின்பிறப்பாக்கியைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. ஒருவர் மிதிக்க மற்றவர் கேட்பார். பொறி என்பது மனித உடலின் நீட்சியாகவே அங்கு வாழ்ந்தது.

போரிட்டோரிடம் கம்பியில்லாக் கருவிகள் இருந்தன. ஆனால் வானொலி அலை வேலியற்ற வயலைப் போன்றது. அதில் யாரும் இறங்கலாம். இரு தரப்பும் மற்றத் தரப்பின் உரையாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தமை பின்னர் வெளிவந்த படைத்துறையினரின் நூல்களாலும் தெரியவருகின்றது. ஆகவே பேச்சிற் குழூஉக்குறியும் எழுத்தில் எண்மறைகுறியும் கையாளப்பட்டன. இராஜீவ் காந்தி கொலை வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1999 மே 11 இல் வழங்கிய தீர்ப்பு, பாக்குநீரிணையின் இரு கரைகளுக்குமிடையே 1991 இற் பரிமாறப்பட்டு இடைமறிக்கப்பட்ட மறைகுறிச் செய்திகளைச் சான்றாகக் கொண்டது. இடைமறித்தவர் அன்றே அவிழ்க்க வேண்டியதில்லை. எடுத்து வைத்துக் காத்திருந்து பின்னர் அவிழ்க்கலாம் என்பதை அவ்வழக்கு காட்டிற்று. வானொலியிற் சொன்ன சொல்லை மீளப் பெற இயலாது.

படையினரும் போராளிகளும் அல்லாத பொதுமக்களுக்கும் மறைமொழி தேவைப்பட்டது. கடிதங்கள் பலர் கைப்பட்டு, பலர் கண்பட்டுச் சென்றன. செஞ்சிலுவைச் சங்கம் கொண்டுசேர்த்த குடும்பச் செய்திகள் யாவரும் படிக்கத்தக்க திறந்த தாள்கள். தொலைபேசி கிடைத்த காலத்திலும் இடத்திலும் எவரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்னும் எண்ணத்துடனேயே மக்கள் பேசினர். வெளிப்படையாகச் சொல்லாது மூடிப் பேசுதலும், கேட்காமலே அறிந்துகொள்ளுதலும் அன்றாடப் பழக்கமாயின. களத்தில் பூதத்துக்கு அஞ்சிப் பேசிய முன்னோரின் பேரர்கள் தொலைபேசியில் மனிதருக்கு அஞ்சிப் பேசினர்.

மெய்ப்பிப்புத் துறையில் குறிப்பிடத்தக்கது உண்டியல் முறையாகும். புலம்பெயர்ந்தோர் வெளிநாட்டிலுள்ள முகவரிடம் கொடுத்த பணத்தை, ஊரிலுள்ள முகவர் உரியவருக்குக் கொடுப்பார். பணம் எல்லை கடப்பதில்லை. சொல் மட்டுமே கடக்கும். தென்னாசியாவெங்கும் இத்தகைய முறைகளில், பெறுபவரை அடையாளங்காணப் பணத்தாளொன்றின் தொடரிலக்கத்தைப் பயன்படுத்தும் வழக்கமுண்டு. அவ்விலக்கம் இன்னொரு தாளுக்கு அமைவதில்லை. தாளை ஒப்படைத்தவுடன் குறி தீர்ந்துவிடும். சனன் கணிதத்தால் நிறுவிய ‘ஒருமுறை மட்டும்’ என்னும் நெறியை வணிகர் வழக்கத்தால் அறிந்திருந்தனர்.

தாளைச் சுமத்தலிலும் இடர் இருந்தது. தாண்டிக்குளம், ஓமந்தை முதலிய இடங்களில் வன்னியையும் வெளியுலகையும் பிரித்த சோதனை நிலையங்களில் பொதிகளும் பைகளும் குறிப்பேடுகளும் ஆராயப்பட்டன. பொருள் விளங்காத எண்வரிசை எழுதிய துண்டொன்று ஒருவர் பையில் இருப்பின், அதன் பொருள் யாதாயினும், அதுவே குற்றச்சாட்டாக மாறக்கூடும். மறைகுறி செய்தியை மறைக்கின்றது. ஆனால் மறைக்கப்பட்ட செய்தி உண்டு என்பதை உரத்துச் சொல்கின்றது. குழூஉக்குறி அவ்வாறன்று. ‘பொலி’ என்பது கேட்பவர்க்கு ஒரு சாதாரணச் சொல்லே. வலிமை குன்றிய குழூஉக்குறியை மக்கள் விடாது பற்றிக்கொண்டமைக்குக் காரணம் இதுவே எனலாம்.

பொறியை ஐயுறும் உலகம்

வன்னி மக்கள் வறுமையாலும் போராலும் பொறியை நம்பவியலாதிருந்தனர். செல்வ நாடுகள் பொறியை முழுதும் நம்பி ஏமாந்தன. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏ.ஜி. என்னும் நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு மறைகுறிப் பொறிகளை விற்றது. அந்நிறுவனத்தை அமெரிக்க மத்திய புலனாய்வு நிறுவனமும் மேற்கு ஜேர்மனியின் புலனாய்வுச் சேவையும் 1970 இல் மறைமுகமாக வாங்கி, அவிழ்த்தற்கு எளியனவாகப் பொறிகளை அமைத்திருந்தமை 2020 பெப்பிரவரியில் வெளியாயிற்று. இந்தியாவும் பாகிஸ்தானும் வாடிக்கையாளராயிருந்தன. நாடுகள் தம் இரகசியங்களைக் காக்கவெனப் பணம் கொடுத்து வாங்கிய பெட்டியே ஒற்றனாக இருந்தது.

இதன் அடிப்படையைக் கென் தொம்சன் 1984 இல் தம் டூரிங் விருதுரையில் விளக்கியிருந்தார். ஒருவர் தாமே எழுதாத நிரலை, அதன் மூலத்தை வரிவரியாகப் படித்தாலும், முழுதும் நம்ப இயலாது. நிரலை மொழிபெயர்க்கும் கருவியிலேயே வஞ்சகம் ஒளிந்திருக்கலாம் என அவர் செய்து காட்டினார். பெகாசஸ் என்னும் ஒற்று நிரல் பல நாடுகளில் ஊடகவியலாளரின் தொலைபேசிகளிற் புகுந்தமை 2021 இல் பேசப்பட்டது. தொலைபேசிக்குள் புகுந்தவனுக்கு மறைகுறியை அவிழ்க்கும் வேலை இல்லை. மறைக்கப்படுமுன்னரே செய்தியை அவன் படித்துவிடுகின்றான்.

மனத்திற் சுமக்கும் மறைகுறி

பொறியின்றி மனமே மறைகுறியை நடத்திய எடுத்துக்காட்டொன்று 1953 இல் வெளிப்பட்டது. நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியில் செய்தித்தாள் விநியோகித்த சிறுவன் ஒருவன் பெற்ற ஐந்து சத நாணயம் பிளந்து, உள்ளே எண்கள் நிறைந்த நுண்படம் ஒன்று காணப்பட்டது. நான்காண்டுகள் அமெரிக்க அறிஞரால் அதனை அவிழ்க்க இயலவில்லை. 1957 இல் இரெய்னோ ஹேஹானன் என்னும் சோவியத்து ஒற்றர் தாமே சரணடைந்து முறையை விளக்கினார். உருசியச் சொல்லொன்று, பாடலொன்றின் பகுதி, யப்பான்மீது பெற்ற வெற்றியின் நாள், தமக்குரிய எண்ணொன்று ஆகிய நான்கையும் அவர் மனத்திற் சுமந்தார். அவற்றிலிருந்து மீதி கொண்டுசெல்லாக் கூட்டலால் நீண்ட திறவுகோல்களை ஒவ்வொரு முறையும் தாளிற் கணித்துப் பின் தாளை அழித்தார்.

கணினியறிஞர் இத்துறையைத் தனி ஆய்வாக எடுத்தது பின்னரே. 1991 இல் மட்சுமோட்டோவும் இமாயும் கண்காணிக்கப்படும் வழியூடாக மனிதன் தன்னை மெய்ப்பிக்கும் முறையை ஆராய்ந்தனர். 1994 இல் நாஓரும் சமீரும், ஒளி ஊடுருவும் இரு தாள்களை ஒன்றன்மேலொன்று வைத்தவுடன் கண்ணுக்குச் செய்தி புலப்படும் முறையை வகுத்தனர். மனுவேல் புளூமும் சந்தோஷ் வெம்பாலாவும் 2015 இல், கடவுச்சொற்களை எழுதாமலும் மனனம் செய்யாமலும் வேண்டியபோது மனத்திலே கணித்துக்கொள்ளும் முறைகளை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றைத் தமிழுக்கு ஏற்ப விளக்கலாம்.

ஒருவர் தமிழ் மெய்யெழுத்துக்கள் பதினெட்டுக்கும் ஒழுங்கின்றி ஒவ்வோர் இலக்கத்தை வழங்கி நினைவிற் கொள்கின்றார். வகரத்துக்கு 3, னகரத்துக்கு 8, யகரத்துக்கு 5 என்க. அத்துடன் பத்து இலக்கங்களையும் 7, 2, 9, 0, 4, 8, 1, 6, 3, 5 என்றாற்போல ஒரு வட்டமாக அடுக்கி நினைவிற் கொள்கின்றார். ‘வவுனியா’ என்னும் சொல்லின் மெய்கள் 3, 3, 8, 5 ஆகும். முதலும் இறுதியும் கூட்ட 8. வட்டத்தில் எட்டுக்கு அடுத்தது 1. அதுவே முதல் விடை. அவ்விடையோடு இரண்டாம் மெய்யின் 3 ஐக் கூட்ட 4. வட்டத்தில் அதற்கடுத்தது 8. எட்டோடு 8 ஐக் கூட்டப் பதினாறு, பத்தை விடுக்க 6, அதற்கடுத்தது 3. மூன்றோடு 5 ஐக் கூட்ட 8, அதற்கடுத்தது 1. ஆகவே விடை 1831. ஊர்ப்பெயர் எவ்வளவு வெளிப்படையாயினும் விடை வெளிப்படையன்று. விடைகள் சில கசிந்தாலும் முறை தாங்கும். பல கசிந்தால் தாங்காது. எண்சுவடி பயின்ற சிறுவனுக்கு இக்கணக்கு விளையாட்டாகவே இருந்திருக்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிபுகள் பெறப்படும். களத்து மொழி முதலிய குழூஉக்குறிகள் ஐயத்தைத் தூண்டாதவை. ஆயினும் ஒருமுறை வெளியானால் அழிபவை. திறவுகோல் கொண்ட எண்மறைகுறிகள் முறை வெளியானாலும் நிலைப்பவை. ஆயினும் ஐயத்தைத் தூண்டுபவை. பொறிகள் விரைவானவை, ஆயினும் அவற்றைச் செய்தவரின் நேர்மையை மீறி அவற்றை நம்ப இயலாது. மனக்கணக்கு மறைகுறி மெதுவானது. எனினும் தன்னை நடத்துபவரையன்றிப் பிறர் எவரையும் நம்ப வேண்டாதது.

இவ்வாய்வு நூல்கள் பெரிதும் பேசாத உண்மை ஒன்றை வன்னியின் வரலாறு சேர்க்கின்றது. பொறியிலிருந்தும் தாளிலிருந்தும் இரகசியத்தை எடுத்து மனத்தில் வைத்தால், தேடுபவனின் கை பொறியையும் தாளையும் விட்டு மனிதனை நோக்கித் திரும்பும். பையைத் திறப்பவன் மனத்தையும் திறக்க முயல்வான். கெர்க்கோப்ஸ் திறவுகோலை நினைவில் வைக்குமாறு கூறியபோது, அந்நினைவுக்கு ஓர் உடலும் உண்டு என்பதைக் கூறினாரில்லை. 2009 மே மாதத்தில் முல்லைத்தீவுக் கடற்கரையிற் போர் முடிந்தபோது, தான் அறிந்ததைச் சொல்லுமாறு கேட்கப்படுதலே அங்கிருந்து வெளியேறிய பலரின் முதல் அச்சமாக இருந்தது. ஆகவே நல்ல மறைகுறி எனப்படுவது, செய்தியைக் காப்பதோடு அதனைச் சுமப்பவரையும் காப்பதாதல் வேண்டும். உண்டியல் தாளைப் போல், பயன் முடிந்ததும் ஒருவர் கையிலும் மனத்திலும் எதனையும் எஞ்சவிடாத முறையே சிறந்தது.

இன்று வன்னிக் களங்களில் மாடுகள் சூடு மிதிப்பதில்லை; பொறி வந்துவிட்டது. களத்து மொழி முதியோர் சிலரின் நினைவிலேயே எஞ்சியுள்ளது. வீடுதோறும் கைத்தொலைபேசி உண்டு. வங்கியின் பெயரால் இரகசிய எண்ணைக் கேட்டு ஏமாற்றுவோரும் உண்டு. இந்நிலையில் எஞ்சியுள்ள களச் சொற்களைத் தொகுத்தலும், பள்ளிகளில் மனக்கணக்குப் பயிற்சியைப் பேணுதலும் பழமை பாராட்டும் செயல்கள் அல்ல. கேட்பவர் யார் என்பதை எண்ணிப் பேசுதலும், வழியொன்றை மட்டும் நம்பாதிருத்தலும், தன் கணக்கைத் தானே போடுதலும் இந்நிலத்தார் விலைகொடுத்துக் கற்ற பாடங்கள். அவை பதிவின்றி மறைந்தொழியின், அவ்விலை வீணாகும்.